புது ட்ரை ஃபுட்டைப் பூனை தொடவில்லையா? எப்படி மறுக்கிறது என்று முதலில் பாருங்கள்

பாக்கெட்டை மாற்றினோம், பூனை தொடவில்லை, உடனே கடைக்குப் போய் வேறு பிராண்டு வாங்கினோம், அதையும் தொடவில்லை, இன்னொன்று. வேலூரில் எனக்குத் தெரிந்த பூனை வீடுகளில் பாதிக்கு மேல் சமையலறை ஷெல்ஃபில் அரையும் குறையுமான கேட் ஃபுட் பாக்கெட்டுகள் கிளிப் போட்டு வரிசையாக நிற்பதற்கு இதுதான் காரணம். பிராண்டை மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் கிண்ணத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, பூனை வந்து என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். முகர்ந்துவிட்டுப் போவது ஒரு பிரச்சனை, வாயில் எடுத்துக் கீழே போடுவது முற்றிலும் வேறு பிரச்சனை, நேற்று வரை தின்றுவிட்டு இன்று மறுப்பது இன்னொன்று. மூன்றுக்கும் நாம் சொல்கிற பெயர் மட்டும் ஒன்றே: "எங்க பூனை ரொம்பப் பிகு பண்ணுது."

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பூனை செய்வது எதுவோ நேராக அங்கே போகலாம். ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைக்கிறீர்களா?

"பசிச்சா தானா தின்னும், விடும்மா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது மனுஷனுக்குச் சரி, ஓரளவு நாய்க்கும் சரி, பூனையிடம் அது செல்லாது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவியத் தொடங்கும், அவ்வளவு கொழுப்பைக் கையாள பூனையின் கல்லீரலுக்குச் சக்தி கிடையாது. ஈறும் காதின் உட்புறமும் மஞ்சள் பூக்கும், அதற்கப்புறம் பசியே எடுக்காது, கடைசியில் குழாய் போட்டு ஊட்டுகிற நிலைக்குப் போய்விடும். குண்டுப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். "நல்லா கொழுகொழுன்னு இருக்கு, ரெண்டு நாள் தாங்கும்" என்று நினைப்பது அப்படியே தலைகீழ்.

ஆகவே கணக்கு இது. வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் சோதனையை நிறுத்திப் பழைய தீனியைக் கொடுங்கள், அதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். குட்டிக்கு அரை நாளே அதிகம். இன்னொன்று, பழைய தீனி கையில் இரண்டு வாரத்துக்காவது இருக்கும்போதுதான் புதியதை ஆரம்பிக்க வேண்டும். பழைய பாக்கெட் காலியான அன்று கடையில் ஸ்டாக் இல்லை, சரி இதையே தின்னட்டும் என்று எதையோ வாங்கி வந்து வைத்த வீடுகளில்தான் பாதி ரகளை நடக்கிறது.

பாக்கெட் பின்னால் ஏழு முதல் பத்து நாளில் மாற்றச் சொல்லியிருப்பார்கள்: முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். சாதாரணப் பூனைக்கு அது போதும். பிகு பண்ணுகிற பூனைக்கு மூன்று நாலு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பமே பத்துப் பங்குக்கு ஒரு பங்கு. வீடு மாறும்போதும், ஊருக்குப் போகிறோம் என்று இன்னொருவர் வீட்டில் விடும்போதும் தீனியை மாற்ற வேண்டாம். காட்பாடி பக்கம் அறை எடுத்துத் தங்குகிற மாணவர்கள் லீவுக்குப் போகும்போது நண்பன் வீட்டில் பூனையை விட்டுவிட்டு, கூடவே ஒரு புது பாக்கெட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இடமும் புதுசு, ஆளும் புதுசு, தீனியும் புதுசு என்றால் பூனை கட்டிலுக்கடியில்தான் குடியிருக்கும்.

முகர்ந்துவிட்டு, தரையைச் சுரண்டிவிட்டுப் போய்விடுகிறது

இதைப் பார்த்தால் நமக்குக் கோபம் வரும், ஏனென்றால் மலத்தை மண்ணால் மூடுகிற அதே சைகை. பூனை நம்மைக் கேலி செய்யவில்லை. மீந்த இரையை வேறு மிருகம் மோப்பம் பிடிக்காமல் மறைத்து வைக்கிற பழக்கம் அது, பிடித்த தீனியில் கூட வயிறு நிறைந்ததும் சில பூனைகள் இப்படிச் சுரண்டும். "இப்போது வேண்டாம்" என்பதற்கு மேல் அதில் பொருள் தேடாதீர்கள்.

பூனை சாப்பாட்டைத் தீர்மானிப்பது மூக்கால். நாக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் உள்ளதில்லை, இனிப்பு என்கிற ருசியே அதற்குத் தெரியாது. இனிப்பை அறிகிற ஏற்பிக்கான மரபணு ஒன்று பூனை இனத்தில் வேலை செய்யாமல் போய்விட்டது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே தீனியில் சர்க்கரை தூவுவது, வெல்லப்பாகு தடவுவது, பால் பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவது எல்லாம் வீண் வேலை. மூக்கைச் சமாதானப்படுத்த வேண்டும்.

முதல் சில நாள் கலக்கவே வேண்டாம். பழைய தீனிக் கிண்ணம் வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும், ஒரு முழம் தள்ளி இன்னொரு தட்டில் புது உருண்டைகள் ஐந்தாறு மட்டும். தின்னாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வாசனை வீட்டில் இருக்கிற ஒன்றுதான் என்று பழகினால் போதும். ராத்திரி எடுத்துவிடுங்கள், காலையில் புதிதாக வையுங்கள். பக்கத்தில் நின்று "சாப்டு கண்ணு, சாப்டு" என்று தலையைத் தடவிக்கொண்டே இருந்தால் சந்தேகப் பிராணிக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

அடுத்து வாசனையைத் தூக்கிவிடலாம். புதுத் தீனியின் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு ஸ்பூன் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் உருண்டைக்கு மேல் பூசியிருக்கிற கொழுப்பு இளகி வாசனை எழும்பும். விரலை வைத்தால் நம் உடம்புச் சூடு அளவுக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. தண்ணீருக்குப் பதில் கோழி வேகவைத்த தண்ணீர் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் குழம்புக்குத் தாளிப்பதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும், உப்பு இல்லாமல், மஞ்சள்தூள் இல்லாமல், குறிப்பாக வெங்காயம் பூண்டு விழாமல். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடி பண்ணினாலும் அந்தக் குணம் போகாது. இப்படி ஈரமாக்கிய தீனியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை, வைகாசி என்றால் அரை மணி.

மூக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சளி ஒழுகுகிறது, கண்ணோரத்தில் பீளை, தும்மல் என்றால் அதற்கு வாசனையே தெரியவில்லை, உலகத்திலேயே உயர்ந்த தீனியை வைத்தாலும் திரும்பித்தான் போகும். முதலில் சளிக்கு வைத்தியம்.

பழைய உருண்டையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் புதியதை மிச்சம் வைக்கிறது

நல்ல செய்தி. பசி இருக்கிறது, உடம்பு சரியாக இருக்கிறது, வாயும் சரியாக இருக்கிறது. பிரச்சனை உருண்டையின் வடிவத்திலும் கடிபடும் விதத்திலும்தான். மீன் வடிவத்தில் மெல்லியதாக இருந்ததைத் தின்று பழகிய பூனைக்குத் தடிமனான முக்கோண உருண்டையைக் கொடுத்தால் அதை எப்படிக் கடிப்பது என்றே புரியாது.

இதற்கு எளிய வழி, புதியதை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுப் பொடியாக்கிப் பழைய உருண்டைகளின் மேல் தூவிக் குலுக்குவது. பொறுக்க முடியாது, ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பொடியைக் கொரகொரப்பாக்குங்கள், அப்புறம் பாதி உடைத்தது, அப்புறம் முழுசு. மிக்ஸி ஜாரை முதலில் நன்றாகக் கழுவிக் காயவைத்துவிடுங்கள், இஞ்சி பூண்டு அரைத்த ஜார் வேண்டவே வேண்டாம். இல்லாவிட்டால் இரண்டு தீனியையும் ஒரே டப்பாவில் கலந்து மூடி நாலைந்து நாள் வைத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். பழையதின் வாசனை புதியதிலும் ஏறிவிடும்.

இரண்டு நாள் ஆசையாகத் தின்றது, மூன்றாம் நாளிலிருந்து தொடுவதில்லை

எனக்கு அதிகம் கேள்வி வருவது இதில்தான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, புதுசு என்கிற ஆசை தீர்ந்துவிட்டது. இது உண்மையில் அவ்வளவு பெரிய விஷயமில்லை, கலவை முறைக்குத் திரும்பினால் சரியாகிவிடும். இரண்டு, தின்ற அன்றே வேறு எதனாலோ வாந்தி வந்திருக்கும், அல்லது அந்த நேரத்தில் மாத்திரை கொடுத்திருப்பீர்கள். பூனை அந்தத் தீனியையும் அந்த வேதனையையும் முடிச்சுப் போட்டுவிடும், அதுவும் பல நாள் மறக்காது. குடற்புழு மாத்திரையைத் தீனிக்குள் ஒளித்துக் கொடுப்பது இதனால்தான் தப்பு. மாத்திரையை வேறு எதிலாவது வைத்து, வேறு நேரத்தில், வேறு இடத்தில் கொடுங்கள். தப்பித்தவறி முடிச்சு விழுந்துவிட்டால் அந்தத் தீனியைச் சில வாரம் கண்ணில் காட்டாமல் இருப்பதுதான் வழி.

மூன்றாவது காரணம் நம் ஊர் வெயில், இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ட்ரை ஃபுட் காய்ந்த பொருள்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு உருண்டையின் மேலும் கொழுப்பு தெளித்திருப்பார்கள், அந்த வாசனைதான் பூனையை இழுக்கிறது. பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து காற்று பட்டு அந்தக் கொழுப்பு காறத் தொடங்கும், சூடு ஏற ஏற அது வேகமாகும். முப்பது டிகிரிக்குக் கீழே, குளுமையான இடத்தில் வைக்கச் சொல்வார்கள். வேலூரில் அக்னி நட்சத்திரத்தின் போது வெளியே நாற்பதைத் தாண்டும், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற சமையலறையில், அதிலும் கேஸ் அடுப்புக்கு மேல் உள்ள ஷெல்ஃபில் என்ன இருக்கும் என்று நீங்களே கையை வைத்துப் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பாருங்கள். நல்ல தீனி மீன்தூள், கறி வாடை அடிக்கும், நமக்குப் பிடிக்காது, அது போகட்டும். கெட்டுப்போனது பல தடவை பஜ்ஜி போட்ட எண்ணெய் போல வாடை அடிக்கும், தொண்டையில் ஒரு கமறல் இருக்கும். உருண்டையை விரல் நடுவே வைத்து நசுக்கினால் பிசுபிசுக்கும். நமக்கே தெரிகிறது என்றால் நம்மைவிடப் பல மடங்கு மூக்குள்ள பூனைக்கு எத்தனை நாளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்!

பெரிய பாக்கெட் வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் 4 கிலோ எடையுள்ள ஒரு பூனை ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 50 முதல் 60 கிராம், மாதத்துக்கு ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோதான் ஆகும். ஒரே பூனைக்கு ஏழு கிலோ மூட்டை வாங்கினால் கோடையில் கடைசி நாலு கிலோவைத் தெரு நாய்க்குத்தான் போட வேண்டியிருக்கும். பிரித்த பாக்கெட்டை ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு வாரத்தில் முடிக்கிற அளவுக்கு வாங்குங்கள். பாக்கெட்டோடு சேர்த்து மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள், கொட்டி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் பழைய கொழுப்பு படிந்துகொண்டே வரும், அதன் மேல் புதிதாகக் கொட்டுவது தயிருக்கு உறை ஊற்றுகிற கதைதான். வீட்டிலேயே குளுமையான இடம் எது என்று பூனைக்குத் தெரியும், மத்தியானம் அது எங்கே படுக்கிறதோ அந்த அறையில் டப்பாவை வையுங்கள்.

சில கடைகளில் மூட்டையைப் பிரித்து வைத்துக் கால் கிலோ, அரை கிலோ என்று நிறுத்துப் பாலித்தீன் கவரில் கட்டித் தருவார்கள். பூனைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க மலிவான வழிதான், ஆனால் மூட்டை எப்போது பிரித்தது, தேதி எப்போது முடிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பொட்டலத்தைப் பூனை மறுத்தால் பிராண்டைத் திட்டாதீர்கள். அதே பிராண்டில் சீல் உள்ள சின்னப் பாக்கெட் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பகலில் திரும்பியும் பார்ப்பதில்லை, காலையில் கிண்ணம் காலி

கோடையில் இது சகஜம். பூனை இயல்பாகவே விடியலிலும் அந்தி சாய்ந்தும் வேட்டையாடுகிற பிராணி, அதோடு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிற வயிறு. மத்தியான வெயிலில் நமக்கே சாப்பாடு இறங்குவதில்லை. புதுத் தீனியை விடியற்காலை ஐந்தரைக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் வையுங்கள், பகலில் பழையதே போதும்.

ஆனால் காலி பண்ணியது உங்கள் பூனைதானா? ஜன்னல் வழியாக வருகிற கடுவன், எலி, பெருச்சாளி எல்லோருக்கும் கேட் ஃபுட் பிடிக்கும். ஒரு ராத்திரி கதவை மூடிவிட்டுப் பாருங்கள். எறும்பு ஏறிய கிண்ணத்தைப் பல பூனைகள் கிட்டேயே நெருங்காது, இதுவும் மறுப்புக் கணக்கில்தான் வந்து சேரும். பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைத்தால் தீர்ந்தது. எறும்பு சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுவது வேண்டாம். அதில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து, அந்த வகை விஷத்தை உடம்பிலிருந்து கழிப்பதில் பூனை மிகவும் பலவீனம், காலில் ஒட்டியதை நக்கித்தான் சுத்தம் செய்யும்.

எந்த ட்ரை ஃபுட்டும் வேண்டாம், மீன்தான் வேண்டும்

இங்கே பூனையைவிட வீட்டு மனிதர்களைத்தான் விசாரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் மத்தி வாங்கி வருகிறோம், ஆய்கிற இடத்தில் பூனை வந்து உட்கார்கிறது, தலையும் குடலும் அதற்கு. வார நாளில் தயிர் சாதம். மாமியாரிடம் பூனைக்கு ஒன்றும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனால், சாயங்காலம் கேட்கும்போது "நான் எங்கடி போட்டேன்? துளியூண்டு நெத்திலி, அது கத்துதேன்னு" என்று பதில் வரும். துளியூண்டு நெத்திலி கிடைக்கிற வீட்டில் உருண்டையைத் தின்ன அது என்ன முட்டாளா?

வெளியே போய் வருகிற பூனை என்றால் தெருவையும் விசாரியுங்கள். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுப் பூனை நாள் முழுக்கத் தீனியைத் தொடாமல் இருந்தும் எடை குறையவே இல்லை, டாக்டர் கேட்டதும்தான் எதிர் வீட்டு அக்காவிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார்கள். "உங்க பூனையா அது? நாங்க பட்டூன்னு கூப்பிடுவோமே, தினம் பதினோரு மணிக்கு வந்துடும்" என்றாராம். எடை குறையவில்லை, சுறுசுறுப்பாக இருக்கிறது, ஆனால் வீட்டில் தின்பதில்லை என்றால் இரண்டாவது வீடு ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். சண்டை வேண்டாம், கொஞ்சம் உங்கள் தீனியையே அவர்களிடம் கொடுத்துவைத்து, வந்தால் இதைப் போடுங்கள் அக்கா என்று சொல்லிவிடுங்கள். பிரியாணி எலும்பு மட்டும் போட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும், மசாலாவில் வெங்காயமும் பூண்டும் எவ்வளவு என்று ஆம்பூர் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீன் கெடுதல் என்று சொல்லவில்லை. வேகவைத்து, முள் எடுத்து, வாரத்தில் ஓரிரு நாள் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சையாகவே தினமும் கொடுத்தால் சில வகை மீன்களில் இருக்கிற ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கருவாடு உப்பு. வெறும் சாதமும் பாலும் வளர்ந்த பூனைக்குச் சாப்பாடே இல்லை, பால் பெரும்பாலானவற்றுக்குச் செரிக்காது.

மீன் பழகிய பூனையை மாற்ற, வெந்த மீனை உதிர்த்து அதில் புதுத் தீனிப் பொடியை ஒரு சிட்டிகை பிசைவதில் ஆரம்பியுங்கள். நாளுக்கு நாள் பொடி கூடட்டும், மீன் குறையட்டும், பிறகு ஊறவைத்த உருண்டை, பிறகு காய்ந்தது. அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். காலம் பார்த்து ஆரம்பிப்பதும் முக்கியம். புரட்டாசி பிறந்தால் பாதி வீட்டில் மீன் நின்றுவிடும், வீட்டில் மாலை போட்டால் கார்த்திகையிலும் அதேதான். திடீரென்று ஒரு நாள் மீனும் இல்லை, புது உருண்டை மட்டும் கிண்ணத்தில் என்றால் மேலே சொன்ன பட்டினி ஆபத்துதான். ஆடியிலேயே ஆரம்பித்துவிட்டால் புரட்டாசிக்குள் பழகியிருக்கும்.

ஓடி வருகிறது, வாயில் எடுக்கிறது, கீழே போட்டுவிடுகிறது

இது தீனிப் பிரச்சனையே இல்லை. பசி இருக்கிறது, வாய் வலிக்கிறது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுவது, எச்சில் ஒழுகுவது, கிண்ணத்தைப் பார்த்து உறுமுவது, வாய் நாற்றம், முன்னங்காலால் வாயைத் தட்டிக்கொள்வது, இவற்றில் ஏதாவது இருக்கும். பூனை மடியில் அமைதியாக இருக்கும்போது மேலுதட்டை ஓரத்தில் மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், பல்லை ஒட்டி ரத்தச் சிவப்பாகக் கோடு ஓடினாலோ, புண் தெரிந்தாலோ, பழுப்பாகக் காறை படிந்திருந்தாலோ டாக்டர்தான். வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரையில் பூனை செத்துவிடும். குணமாகும் வரை தீனியை ஊறவைத்தோ கிரேவி பாக்கெட்டோ கொடுங்கள். பிராண்டு மாற்றுகிற பேச்சு அதற்கப்புறம்.

தின்றது, கக்கிவிட்டது

தின்ற சில நிமிடத்திலேயே உருண்டைகள் அப்படியே முழுசாக, சுருட்டு மாதிரி நீளமாக வந்து விழுந்தால் அவசரத் தீனி. இரண்டு பூனை உள்ள வீட்டில் இது அதிகம், ஒன்று மற்றதைப் பார்த்து அள்ளிப் போட்டுக்கொள்ளும். தனித்தனி அறையில் வையுங்கள், கிண்ணத்துக்குப் பதில் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். முடி உருண்டை வந்தால் அதற்கும் புதுத் தீனிக்கும் சம்பந்தமில்லை. மணிக்கணக்கு கழித்து, செரித்தும் செரிக்காமலும், ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை, கூடவே சோர்வு என்றால் தீனியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ரத்தம் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

மலம் இளகிப் போகிறது, அல்லது கல்லாக வருகிறது

ஓரிரு நாள் கொஞ்சம் இளகினால் பயப்பட வேண்டாம், கலவையில் ஒரு படி பின்னால் போய் அங்கேயே ஒரு வாரம் நில்லுங்கள். தண்ணீராகவே போனாலோ, குட்டியாக இருந்தாலோ, புழு தெரிந்தாலோ டாக்டர். கெட்டியாக வந்தால் தண்ணீர் போதவில்லை. ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம் இருந்தால் அதிகம், கிரேவி பாக்கெட்டில் எழுபத்தைந்துக்கு மேல். பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு என்பதால் அந்த வித்தியாசத்தைத் தானாகக் குடித்து ஈடுகட்டாது. அகலமான மண்சட்டியில் தண்ணீரை, தீனிக்குப் பக்கத்தில் இல்லாமல், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். போர் தண்ணீர் கரிப்பாக இருந்தால் நீங்கள் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

பூனைத் தீனி வேண்டாம், நாய்த் தீனி மட்டும் தின்கிறது

இரண்டும் உள்ள வீட்டுக் கதை. தின்கிறதே, போகட்டும் என்று விட்டுவிடக் கூடாது. பூனைக்கு டாரின் என்கிற சத்து சாப்பாட்டில்தான் கிடைத்தாக வேண்டும், உடம்பு போதுமான அளவு தயாரிக்காது. நாய் தானே தயாரித்துக்கொள்ளும் என்பதால் நாய்த் தீனியில் அதைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்று 1987-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் முழுக்கப் பூனைத் தீனியில் அதன் அளவைக் கூட்டினார்கள். கண்ணும் போகும். நாயின் கிண்ணத்தைத் தின்றதும் எடுத்துவிடுங்கள், பூனைக் கிண்ணத்தை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். புதுப் பாக்கெட் வாங்கும்போது முழு உணவா, சும்மா தின்பண்டமா என்பதையும், டாரின் என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ட்ரை ஃபுட்டில் அது 0.1 சதவீதமாவது இருக்க வேண்டும்.

ஆண் பூனை, மண் டப்பாவில் திரும்பத் திரும்ப உட்கார்கிறது, தின்னவும் இல்லை

இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். முக்குகிறது, கத்துகிறது, அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கிறது, சொட்டு கூட வரவில்லை என்றால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் கிடையாது. ஊரிலேயே முதலில் திறந்திருக்கிற டாக்டரிடம் அடைப்பை எடுத்துவிட வேண்டும், சென்னைக்கு ரயில் ஏறுவதெல்லாம் அப்புறம்.

எல்லாம் செய்தாயிற்று, நாலு வாரம் ஆகியும் நடக்கவில்லை

சரி, இப்போது பிராண்டை மாற்றலாம். பழைய தீனி எந்தக் கறியில் செய்ததோ அதே கறி, உருண்டை ஏறக்குறைய அதே அளவு, இருப்பதிலேயே சின்னப் பாக்கெட். கோழித் தீனி தின்று வளர்ந்ததற்கு நேராகக் கடல் மீன் வகையைக் கொடுத்துவிட்டு விஸ்காஸ் சரியில்லை, மியோ சரியில்லை என்று சொன்னால் நியாயமில்லை. ஒரு பிராண்டு மறுத்தால் அடுத்ததற்கு முன் ஒரு வாரமாவது பழையதையே கொடுத்து வயிற்றையும் நம்பிக்கையையும் நிலைக்கு வர விடுங்கள். பழைய தீனியில் உடம்பு நன்றாக இருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, கடையில் கிடைக்கவும் செய்கிறது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். ஆஃபர் போட்டிருந்தான் என்பது காரணம் ஆகாது.

சிறுநீரகம், மூத்திரக் கல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தீனி என்றால் மட்டும் நீங்களாக வேறு பிராண்டுக்குத் தாவ வேண்டாம். தின்னவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள், அதே வகையில் வேறு கம்பெனி இருக்கும், பசி எடுக்க மருந்தும் இருக்கிறது. அரசு கால்நடை மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, இங்கே பிடிபடாமல் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்கே போனாலும் சரி, போகும்போது இரண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியாக எப்போது தின்றது, எப்போது மூத்திரம் போனது, எப்போது மலம் கழித்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கிண்ணத்துக்கு முன்னால் அது செய்வதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மேஜையில் ஏறினால் எந்தப் பூனையும் எதையும் செய்து காட்டாது.